மாமனாரின் பெட்டிகளைப் பிரிக்கும் முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கணவர் அமெரிக்கர், வீடு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். அவருடைய அப்பா கார்ட்டூனிஸ்ட். 1940களில் பகலில் ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில் வேலை, ராத்திரியில் சமையலறை மேசையில் காமிக்ஸ். பேசும் அணில், தந்திரக்கார நரி, அந்த வகை. 1950களின் கடைசியில் காமிக்ஸ் நின்றுபோய், அதற்கப்புறம் டிவி கார்ட்டூன்களுக்கு ஸ்டோரிபோர்டு (படம் தயாரிக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைக்கும் தாள்கள்) வரைந்தே ஓய்வுபெற்றார். அவர் போன பிறகு கராஜில் சில பெட்டிகள் மிஞ்சியிருக்கின்றன, புரட்டிப் பார்த்த காமிக்ஸ் எதிலும் அவர் பெயர் இல்லை. அவர் வரைந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, ஸ்டோரிபோர்டு கட்டுகளை வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா, குடும்பத்துக்கு ஏதாவது உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டிகளை இன்னும் பிரித்து அடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று, அப்படியே விடுங்கள். பெயர் போடாத ஓவியரின் பெட்டியில் எந்தக் காகிதம் எதன் மேல் இருக்கிறது என்பதுதான் பாதி சாட்சி. ஒரு காமிக்ஸ் இதழ், அதற்கடியில் அந்த இதழின் நான்கு பக்கங்களுக்கான பென்சில் குறிப்புகள், அதற்கும் அடியில் காசோலையோடு வந்த ரசீதுத் துண்டு. இப்படி இருந்ததைக் கலைத்து காமிக்ஸ் ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம், "குப்பை" ஒரு பக்கம் என்று அடுக்கிவிட்டால் அப்புறம் எதை எதோடு சேர்ப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வீட்டு விற்பனையில் ஒரு பெட்டி நிறைய ஸ்டோரிபோர்டு தாள்கள் வாங்கி, வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அன்று ராத்திரியே தொடர்வாரியாகப் பிரித்து, துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றி எறிந்தேன். அந்தக் கிளிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு எபிசோடைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது மறுநாள்தான் உறைத்தது. இன்றைக்கும் அதில் அறுபது எழுபது தாள் எந்த எபிசோடு என்று தெரியாமல் கிடக்கிறது.

அதனால் ஒவ்வொரு பெட்டியையும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு தாளாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே வாருங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். எடுத்த வரிசையிலேயே திரும்ப வையுங்கள்.

இனி பெயர் ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். உங்கள் மாமனாருக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை அது, அந்தக் காலத் தொழில் வழக்கமே அப்படி. காமிக்ஸ் பதிப்பாளர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கினார்கள். பிரபலமான சினிமா கதாபாத்திரங்கள் வரும் இதழ்களில் ஓவியர் பெயர் போட்டால் அந்தக் கதாபாத்திரத்தின் மவுசு குறைந்துவிடும் என்றோ, போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்றோ ஒரு பயம். கார்ல் பார்க்ஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். டொனால்ட் டக் காமிக்ஸ்களை 1942 முதல் 1966 வரை வரைந்தவர், ஸ்க்ரூஜ் மாமாவை 1947இல் உருவாக்கியவர். அவருடைய கதைகள் வந்த மாத இதழ் 1950களின் தொடக்கத்தில் மாதம் 30 லட்சம் பிரதி விற்றது. ஆனால் அதில் இருந்த ஒரே பெயர் வால்ட் டிஸ்னி. வாசகச் சிறுவர்கள் கோட்டைப் பார்த்தே அடையாளம் கண்டு "நல்ல வாத்து ஓவியர்" என்று அவருக்குத் தாங்களாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 1960இல்தான் ஒரு ரசிகரின் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் ஓய்வுபெற ஆறு வருஷம் இருக்கும்போது! அவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்.

பார்க்ஸ் உங்கள் விஷயத்துக்கு இன்னொரு விதத்திலும் நெருக்கமானவர். அவர் காமிக்ஸுக்கு வந்ததே ஸ்டோரிபோர்டு வழியாகத்தான். 1935இல் டிஸ்னியில் சேர்ந்து கதை இலாகாவில் இருந்தார். எடுக்காமல் கைவிட்ட ஒரு கார்ட்டூன் படத்தின் கதையை எடுத்து 64 பக்க காமிக்ஸாக மாற்றினார்கள். பார்க்ஸும் ஜாக் ஹன்னாவும் (பின்னால் வரும் ஹன்னா பார்பெராவின் ஹன்னா வேறு ஆள்) ஆளுக்கு 32 பக்கம், ஸ்டுடியோ வேலை முடிந்த நேரத்தில் வரைந்தார்கள். 1942இல் வந்த அந்த இதழ்தான் அவருடைய முதல் டொனால்ட் காமிக்ஸ். பகலில் ஸ்டுடியோ, ராத்திரியில் பக்கக் கூலிக்கு காமிக்ஸ் என்று நீங்கள் சொன்ன அதே ஓட்டம்.

லாஸ் ஏஞ்சலஸில் இப்படி ராத்திரி வேலை பார்த்த அனிமேட்டர்கள் ஒரு பட்டாளமே இருந்தார்கள். பெஞ்சமின் சாங்கர் என்பவர் பதிப்பாளர்களுக்குப் பக்கங்களைத் தயார் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையை நியூயார்க்கில் நடத்தினார். அதன் மேற்குக்கரைப் பிரிவை ஜிம் டேவிஸ் என்ற அனிமேட்டர் பார்த்துக்கொண்டார் (கார்ஃபீல்டு பூனை வரைந்தவர் இல்லை, பெயர் ஒற்றுமை மட்டும்). 1942இல் தொடங்கிய கூ கூ காமிக்ஸ், 1943இல் தொடங்கிய கிகிள் காமிக்ஸ், ஹா ஹா காமிக்ஸ் இவற்றிலெல்லாம் பக்கம் பக்கமாகப் படம் போட்டது ஸ்டுடியோக்காரர்கள்தான். உங்கள் பெட்டியில் இந்தப் பெயர்கள் தட்டுப்பட்டால் தேடலைச் சாங்கர் பட்டறையிலிருந்து தொடங்கலாம். டெல் என்று அட்டையில் இருந்தால் அது வெஸ்டர்ன் பதிப்பகத்தார் தயாரித்தது. 1962இலிருந்து அவர்களே கோல்டு கீ என்ற பெயரில் போட்டார்கள். ஒருவரே இரண்டு பக்கமும் வேலை செய்ததும் உண்டு, அதனால் ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டாம்.

அந்தக் கூட்டத்தில் கொஞ்சமாவது தடயம் விட்டுப் போனவர்களில் டான் கார்டனைச் சொல்லலாம். பிளைஷர் கார்ட்டூன் ஸ்டுடியோவில் இருந்தவர், கிகிள் காமிக்ஸில் சூப்பர்கேட் என்று ஒரு பூனையை வரைந்தார், மூலையில் "டேங்" என்று சுருக்கக் கையெழுத்து போடுவார். அப்புறம் ஹன்னா பார்பெரா என்ற டிவி கார்ட்டூன் ஸ்டுடியோவில் ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடருக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தார். உங்கள் மாமனாரின் வாழ்க்கைக்கோடு கிட்டத்தட்ட இதேதான், அதனால்தான் சொல்கிறேன். முழுப்பெயரை மட்டும் தேடாதீர்கள். செல்லப்பெயர், இரண்டு எழுத்து, ஒரு சின்னக் குறி, கார் நம்பர் பலகையில் இனிஷியல், பின்னணியில் தெரியும் மளிகைக்கடைப் பலகையில் பிள்ளையின் பெயர், இப்படி ஒளித்து வைத்தவர்கள் நிறையப் பேர். உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் சின்ன வயசில் என்ன செல்லப்பெயர் என்று கேட்டு வைத்துக்கொண்டு பக்கங்களைப் பாருங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

1950களின் கடைசியில் காமிக்ஸ் ஏன் நின்றது என்று கேட்கவில்லை, ஆனாலும் தேதிகளைப் பொருத்துவதற்கு உதவும். 1954இல் அமெரிக்க செனட் விசாரணை, அதே வருஷம் தணிக்கை விதிமுறை. குறி வைத்தது பேய், கொலைக் கதைகளை, ஆனால் அடி எல்லோருக்கும் விழுந்தது, பல கம்பெனிகள் மூடின. 1957இல் இதழ்களைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பெரிய விநியோக நிறுவனம் அந்தத் தொழிலையே விட்டுப் போனது. அதே 1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூட, அங்கிருந்த ஹன்னாவும் பார்பெராவும் சொந்தமாக ஸ்டுடியோ தொடங்கி டிவிக்குப் போனார்கள். டிவியில் பணமும் குறைவு, நேரமும் குறைவு. அசைவைக் குறைத்து, வசனத்தையும் காட்சிக் கோணத்தையும் வைத்தே கதையை ஓட்ட வேண்டும். அதற்கு வேகமாக, தெளிவாக, கட்டம் கட்டமாகக் கதை சொல்லத் தெரிந்த கை வேண்டும். காமிக்ஸ்காரர்களை விட்டால் அந்தக் கை யாரிடம் இருக்கும்? 1964இல் ஜானி குவெஸ்ட் தொடரை டக் வைல்டியும், 1966இல் ஸ்பேஸ் கோஸ்டை அலெக்ஸ் டோத்தும் வடிவமைத்தார்கள். இருவரும் காமிக்ஸ் ஆட்கள். சூப்பர் ஹீரோக்களின் தாத்தா என்று சொல்லத்தக்க ஜாக் கர்பியே 1978இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் கார்ட்டூனுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தார், அப்புறம் ரூபி ஸ்பியர்ஸ் ஸ்டுடியோவில் வேலை பார்த்தார்.

சரி, ஸ்டோரிபோர்டு. இதை "ரஃப்" என்று நினைத்துத் தூக்கிப் போடுகிற குடும்பங்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் உங்கள் பெட்டியில் இருப்பதிலேயே பொக்கிஷம் அதுதான். காமிக்ஸ் இதழ் ஆயிரக்கணக்கில் அச்சானது, எங்காவது ஒரு பிரதி கிடைக்கும். காமிக்ஸ் பக்கத்தில் ஒருவர் பென்சில் போட இன்னொருவர் மை போட மூன்றாமவர் எழுத்து எழுதியிருப்பார். ஸ்டோரிபோர்டில் அவர் தனியாள். எழுத்தாளர் கொடுத்த வசனத்தை வைத்துக்கொண்டு எங்கே கிட்டே போவது, எங்கே ஆள் கதவை இடிப்பது, எத்தனை நொடி சும்மா நிற்பது என்று முடிவெடுத்தது அவர் கை. ஹன்னா பார்பெராவில் அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு "ஸ்டோரி டைரக்டர்" என்றே பெயர். டிவியில் டைட்டில் ஓடும்போது "ஸ்டோரிபோர்டு" என்று மட்டும் தேடினால் அவர் கண்ணில் படாமலே போய்விடுவார். இன்னொரு சிக்கல், பல தொடர்களில் ஒரு சீசனில் வேலை செய்த எல்லோர் பெயரையும் கொத்தாக எல்லா எபிசோடிலும் போட்டுவிடுவார்கள். எது யாருடையது என்று டைட்டிலை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் தாள்தான் சொல்லும். தாளின் தலைப்பில் தயாரிப்பு எண், பக்க எண், திருத்திய தேதி இருக்கும், அதை வைத்து எபிசோடைப் பிடித்துவிடலாம்.

உங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி ஜெராக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அசல் ஸ்டுடியோவில் தங்கிவிடும், வரைந்தவர் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்து வருவார், அதுதான் வழக்கம். ஸ்டுடியோக்கள் இடப்பற்றாக்குறையில் எதையெல்லாம் கழித்துக் கட்டின என்பதைப் பார்த்தால் உங்களிடம் இருக்கும் ஜெராக்ஸே ஒரே பிரதியாக இருக்கலாம். காமிக்ஸ் அசல் பக்கங்களுக்கும் அதே கதிதான். பார்க்ஸ் வரைந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் பெரும்பாலானவற்றைப் பதிப்பகமே அழித்துவிட்டது.

கண்டுபிடிக்கும் வேலைக்கு வருவோம். முதலில் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். எஸ்எஸ்ஏ 7050 என்று ஒரு படிவம் இருக்கிறது. இறந்தவரின் நெருங்கிய வாரிசு, உறவுக்கு ஆதாரம் காட்டிக் கட்டணம் கட்டினால், அவர் எந்த வருஷம் எந்த முதலாளியிடம் எவ்வளவு சம்பாதித்தார் என்ற விவரப் பட்டியல், முதலாளியின் பெயர் முகவரியோடு வரும். உங்கள் கணவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டுடியோ வேலை முழுக்க இதில் வந்துவிடும். காமிக்ஸ் பக்கக்கூலி வராது, அது சம்பளம் இல்லையே. சொந்தத் தொழில் வருமானத்தை 1951இலிருந்துதான் கணக்கில் எடுத்தார்கள், அதிலும் கொடுத்தவர் பெயர் இருக்காது. இருந்தாலும் எந்த ஸ்டுடியோவில் எந்த வருஷம் என்று தெரிந்துவிட்டால், உடன் வேலை செய்தவர்கள் யார், அவர்கள் எந்தப் பட்டறைக்கு ராத்திரி வேலை செய்தார்கள் என்று கயிறு பிடித்துக்கொண்டே போகலாம். 1952க்குப் பிறகு அனிமேஷன் தொழிலாளர் சங்கத்தின் 839ஆம் கிளையில் உறுப்பினராக இருந்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ். 1994இல் ஆர்வலர்கள் தொடங்கியது, இதழ்வாரியாக, கதைவாரியாக யார் வரைந்தது என்று பதிவு செய்கிறார்கள். ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற பேராசிரியர் 1970களிலேயே ஓவியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி அவர்கள் வாயாலேயே விவரம் வாங்கித் தொகுத்த பட்டியலும் இணையத்தில் உண்டு. மாமனார் பெயர் அதில் இருந்தால் அவரே பதில் எழுதிப் போட்டிருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஒன்று: இந்தத் தளங்களில் பக்கத்தில் கேள்விக்குறி போட்ட பெயர்கள் ஊகம். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பெட்டியிலிருக்கும் ஆதாரத்தை வைத்து நீங்கள்தான் அதைத் திருத்தப் போகிறீர்கள்.

அப்புறம் கண். முகத்தைப் பார்க்காதீர்கள், கதாபாத்திர முகம் எல்லோரும் மாதிரித்தாளைப் பார்த்து ஒரே மாதிரி வரைந்ததுதான். பார்க்க வேண்டியது யாரும் மெனக்கெடாத இடங்களை. ஓடும்போது கிளம்பும் தூசி, புல், மரப்பட்டை, கை விரல் மடிப்பு, சட்டையின் சுருக்கம், தரையில் விழும் நிழல். ஸ்டோரிபோர்டில் அவசரமாகப் போட்ட தூசி மேகமும் பத்து வருஷம் முந்திய காமிக்ஸில் இருக்கும் தூசி மேகமும் ஒரே சுழியாக இருந்தால், ஆள் அகப்பட்டுவிட்டார். அனிமேட்டர் வரைந்த காமிக்ஸில் இன்னொரு லட்சணம் உண்டு: உருவம் முழுசாகத் தெரியும், உடம்பு வளைந்து ஏதாவது செய்துகொண்டிருக்கும், அடுத்தடுத்த கட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் அசையும் போலிருக்கும். காமிக்ஸ் மட்டுமே வரைந்தவர்கள் பக்கம் முழுவதையும் ஒரு படமாக யோசித்திருப்பார்கள்.

பெரிய அட்டைத் தாளில் மையால் வரைந்தவை இருப்பதாகச் சொன்னீர்களே, அளந்து பாருங்கள். படப் பகுதி ஏறக்குறைய 12க்கு 18 அங்குலம் இருந்தால் அது பெரும்பாலும் 1967க்கு முந்தியது. 10க்கு 15 என்றால் அதற்குப் பிந்தியது. பின்பக்கத்தில் பதிப்பக முத்திரை, வேலை எண், இதழ் மாதம் இருக்கலாம்.

பாதுகாப்பில் அவசரமானது கராஜிலிருந்து வெளியே எடுப்பதுதான். அந்த ஊர் கோடையில் கராஜ் அடுப்பு மாதிரி. காமிக்ஸ் தாள் மலிவான பத்திரிகைக் காகிதம், சூட்டில் பழுத்து நொறுங்கும். ராமபாணப் பூச்சிக்கும் அதுதான் விருந்து. வீட்டுக்குள் அலமாரியில், நேர் வெயில் படாமல், அமிலமில்லாத உறைகளில் போதும். ஜெராக்ஸ் தாளை மட்டும் சாதாரண பிவிசி பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், ஜெராக்ஸின் கரிமை (டோனர்) பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு தாள் வெளுத்துவிடும். பாலியெஸ்டர் உறை பரவாயில்லை. ஸ்கெட்ச் பேனாவால் போட்ட ஸ்டோரிபோர்டையும் வண்ணக் குறிப்புத் தாளையும் சுவரில் மாட்டாதீர்கள், வெளிச்சத்தில் சாயம் போய்விடும். இந்தியா மை ஒன்றும் ஆகாது. பழைய டேப்பை உரிக்கும் ஆசையை அடக்குங்கள், கூடவே படமும் வரும்.

உரிமை விஷயத்தில் ஆசை காட்ட விரும்பவில்லை. தாள் உங்களுடையது, அதை விற்கலாம், மாட்டலாம், கொடுக்கலாம். கதையும் கதாபாத்திரமும் வேறு கணக்கு. பக்கக்கூலிக்கு வரைந்ததைச் சட்டம் பெரும்பாலும் கூலி கொடுத்தவரின் படைப்பாகவே பார்க்கிறது. காசோலையின் பின்பக்கத்தில் உரிமையை எழுதிக் கொடுக்கும் வாசகத்தை ரப்பர் ஸ்டாம்பாக அடித்து அனுப்பிய கம்பெனிகள் உண்டு. கையெழுத்துப் போட்டால்தான் பணம். ஜாக் கர்பியின் நான்கு பிள்ளைகள் அவர் வரைந்தவற்றின் உரிமையைத் திரும்பக் கேட்டு 2009இல் மார்வெல் காமிக்ஸ் கம்பெனிக்கும் மற்றவர்களுக்கும் 45 நோட்டீஸ் அனுப்பினார்கள். 2011இல் தோல்வி, 2013இல் மேல்முறையீட்டிலும் தோல்வி, உச்ச நீதிமன்றம் வழக்கை எடுப்பதா என்று பார்க்கவிருந்த நேரத்தில் 2014 செப்டம்பரில் சமரசம். அவ்வளவு பெரிய பெயருக்கே இவ்வளவு இழுபறி. உங்கள் மாமனார் வரைந்த சிறு கம்பெனிகளின் இதழ்கள் பல, 28ஆம் வருஷம் உரிமையைப் புதுப்பிக்காததால் பொதுவுடைமை ஆகியிருக்கும் (1964க்கு முன் வெளியானவற்றுக்கு அந்த விதி). அதில் பணம் வராது, ஆனால் அவர் வரைந்தவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒவ்வொரு தலைப்பையும் காட்டிவிடுங்கள். டிஸ்னி மாதிரி கதாபாத்திரங்கள் வந்தால் தொடவே வேண்டாம்.

விலை பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். பேசும் விலங்கு காமிக்ஸுக்கு சூப்பர் ஹீரோ விலை இல்லை. பிரபல தொடரின் அசல் ஸ்டோரிபோர்டுக்கு வாங்குபவர்கள் உண்டு, ஜெராக்ஸுக்கு அநேகமாக இல்லை. வீட்டுக்கு வந்து மொத்தமாக விலை பேசுகிறவர் பிரபல தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிதறடித்துவிடுவார், அதனால் இப்போதைக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். விற்கும் எண்ணம் இல்லையென்றால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பில்லி அயர்லாண்ட் கார்ட்டூன் நூலகம் இருக்கிறது, இந்த மாதிரித் தனிச் சேகரிப்புகளை முழுசாகப் பாதுகாக்கிற இடம். அசலை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஸ்கேன் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவரையும் அவர் அக்காவையும் இப்போதே உட்கார வைத்துப் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள், தாளைக் கையில் கொடுத்துக் கேட்டால் ஞாபகம் தானாக வரும். "இந்த நரியை அப்பா வரையும்போது நான் அம்மை போட்டுப் படுத்திருந்தேன்" என்று யாராவது சொன்னால் வருஷம் கிடைத்துவிட்டது பாருங்கள். அம்மை எந்த வருஷம் என்று பள்ளி விடுப்புச் சீட்டு அதே பெட்டியில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

முதல் பெட்டியின் படங்களை எடுத்ததும், மை போட்ட ஒரு பக்கமும் ஸ்டோரிபோர்டில் யாராவது ஓடுகிற ஒரு தாளும் போடுங்கள், தூசியை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பின்பக்கத்தை மறக்காதீர்கள்.